நுண்ணுயிர்களும் மின்சாரமும்

மின்சாரம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவன அணைக்கட்டுகளும், நீராவிக் கொதிகலங்களும், சுழலும் டைனமோக்களுமேயாம். உலோகத் தகடுகளையும் திராவகத்தையும் கொண்டு இயங்கும் மின்கலங்களையும் நாம் பௌதிக ஆய்வுசாலையில் கண்டிருக்கிறோம். ஆனால், ஆற்றடிச் சேற்றிலும் சாக்கடை நீரிலும் வாழ்கின்ற, கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் தாம் உண்ட உணவிலிருந்து மின்னோட்டத்தைப் பிறப்பிக்கின்றன என்று கூறின், கேட்போர் வியப்புறுவர். அவ்வுயிர்கள் இத்தொழிலை எவ்வாறு இயற்றுகின்றன? தனித்தனியே பிரித்து வளர்க்க இயலாத அவற்றை, அவற்றின் மரபணுக்களைப் படிப்பதன் வாயிலாக அறிஞர் எங்ஙனம் அறிகின்றனர்? அங்ஙனம் படித்தறிவதற்கு எல்லை யாது? இவற்றை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வுண்மை நேற்று இன்று கண்டறியப்பட்டதன்று. இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் தாவரநூற் பேராசிரியராயிருந்த எம். சி. பாட்டர் என்பார், உயிர்ப்பொருள்கள் சிதையும்போது தோன்றும் மின்விளைவுகளைப் பற்றி 1911-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் ஒரு கட்டுரை வரைந்தார். சர்க்கரை நீரில் ஈஸ்டு வளரும்போது அதனுள் இட்ட பிளாட்டினத் தகட்டுக்கும், ஈஸ்டு இல்லாத நீரில் இட்ட தகட்டுக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்தம் உண்டாதலை அவர் அளந்து காட்டினார். பின்னர் 1931-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்னெட் கோஹன் என்பார் இத்தகைய கலங்கள் பலவற்றை வரிசையாக இணைத்து 35 வோல்ட்டு அழுத்தம் பெற்றார். ஆயினும் கிடைத்த ஓட்டமோ 2 மில்லி ஆம்பியர் அளவே. உயிரணுவின் உள்ளே நிகழும் செயல் வெளியேயுள்ள உலோகத்தை எட்டுவது எவ்வாறு என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. ஆதலால் நெடுங்காலம் இஃது ஆய்வுசாலை விந்தையாகவே நின்றுவிட்டது.

மின்சாரம் பிறக்கும் விதம்

இதனை அறிய முதலில் சுவாசம் என்பது யாது எனத் தெரிந்துகொள்ளல் வேண்டும். நாம் உண்ட உணவு உயிரணுக்களுள் படிப்படியாகச் சிதைகின்றது. அப்போது உணவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவை ஒரு புரதத்தினின்று மற்றொரு புரதத்திற்குக் கைமாறிக் கைமாறிச் சென்று, முடிவில் நாம் உட்கொண்ட பிராணவாயுவை அடைகின்றன. நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும்போது வேலை செய்வதுபோல, எலெக்ட்ரான்கள் இவ்வாறு இறங்கிச் செல்லும் வழியில் உயிருக்குரிய சக்தி கிடைக்கின்றது. உணவு இவ்வோட்டத்தின் தலைமுனை. பிராணவாயு அதன் கடைமுனை. கடைமுனையில் ஏற்பவர் இல்லையாயின் ஓட்டமும் இல்லை, உயிரும் இல்லை.

பிராணவாயு புகாத சேற்றின் அடியில் வாழும் நுண்ணுயிர்களுக்குக் கடைமுனையில் வேறு ஏதேனும் ஒரு பொருள் வேண்டும். சில, நீரில் கரைந்துள்ள நைட்ரேட்டையோ ஸல்பேட்டையோ பயன்படுத்துகின்றன. வேறு சிலவற்றுக்கு வாய்ப்பது இரும்புத் துருவே. துரு நீரில் கரைவதில்லை. ஆகையால் அதனை உயிரணுவின் உள்ளே இழுத்துக்கொள்ள இயலாது. எலெக்ட்ரான்களை உயிரணுவின் சவ்வுகளைக் கடத்தி வெளியே கொண்டுபோய்த் துருவின்மேல் சேர்ப்பித்தால்தான் சுவாசம் நடைபெறும். நாம் காற்றை உள்ளிழுத்து உயிர் வாழ்கிறோம். அவையோ எலெக்ட்ரானை வெளியே நீட்டி உயிர் வாழ்கின்றன.

இத்தகைய உயிர்கள் உள என்பது 1980-க்குப் பின்னரே தெளிவாயிற்று. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் அப்போது பணிபுரிந்த டெரிக் லவ்லி என்பாரும் அவருடன் உழைத்தோரும் பொட்டோமாக் நதியின் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்று, இரும்புத் துருவைக் காந்தக் கல்லாக மாற்றுதலை 1987-இல் வெளியிட்டனர். அதுவே பின்னர் ஜியோபாக்டர் எனப் பெயர் பெற்ற இனத்தைச் சார்ந்தது. அடுத்த ஆண்டில் சார்லஸ் மையர்ஸும் கென்னத் நீல்ஸனும், நியூயார்க் நாட்டுப்புறத்திலுள்ள ஓனைடா ஏரியின் அடியில் கண்ட மற்றொரு நுண்ணுயிர் மாங்கனீஸ் ஆக்ஸைடைக் கொண்டு சுவாசித்தலைத் தெரிவித்தனர். அஃது இன்று ஷெவனெல்லா எனப்படும்.

துருவுக்குப் பதிலாகக் கரியினால் ஆகிய ஒரு தகட்டை இவற்றின் அருகில் வைத்தால் யாது நிகழும்? துருவின்மேல் சேர்த்த எலெக்ட்ரான்களை அவை அத்தகட்டின்மேல் சேர்க்கும். அத்தகட்டிலிருந்து ஒரு கம்பியை நீட்டி, காற்றுப்படும் நீரிலுள்ள வேறொரு தகட்டோடு இணைத்தால், எலெக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடி அங்குள்ள பிராணவாயுவை அடையும். கம்பியில் ஓடும் அவ்வோட்டமே மின்சாரம். அசிட்டேட் என்னும் எளிய உணவின் ஒரு மூலக்கூறு முற்றும் சிதையுமாயின் 8 எலெக்ட்ரான்கள் வெளிப்படும். இவ்வாறு அமைக்கப்பட்ட கலத்திற்கு நுண்ணுயிர் எரிபொருட்கலம் என்று பெயர். ஒரு கலம் தரும் அழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவேயாம்.

தனியுயிர் அன்று, கூட்டம்

ஆய்வுசாலைக் குடுவையில் ஒரே இனத்தைத் தூய்மையாக வளர்த்து மின்சாரம் பெறலாம். ஆனால் சாக்கடை நீரில் ஒரு மின்தகட்டை இட்டுச் சில வாரங்கள் கழித்து எடுத்துப் பார்ப்போமாயின், அதன்மேல் வழவழப்பான ஒரு படலம் பற்றியிருப்பதைக் காண்போம். அப்படலத்தில் எண்ணிறந்த இனங்கள் ஒன்றாய் வாழ்கின்றன. மாப்பொருளையும் கொழுப்பையும் சிதைப்பன சில; அவை கழித்த அமிலங்களை உண்பன சில; எலெக்ட்ரானைத் தகட்டுக்குக் கொண்டு செல்வன சில; இடையே புகுந்து உணவைக் கவர்ந்து மீதேன் வாயுவாக்கி விடுவனவும் சில. ஓர் ஊரில் உழவரும் தச்சரும் கொல்லரும் வணிகரும் ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் போல, இவையும் ஒன்றன் கழிவை மற்றொன்று உண்டு வாழ்கின்றன.

இவ்வூரின் குடிகளை எங்ஙனம் கணக்கிடுவது? உருப்பெருக்கிக் கண்ணாடியில் காணின், கோலும் உருண்டையுமாகிய சில வடிவங்களே தென்படும். வடிவு ஒத்த இரண்டு உயிர்கள் தொழிலில் முற்றும் வேறுபட்டிருக்கலாம். பிரித்து வளர்க்கலாமெனின், இயற்கையில் வாழும் நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை நாம் அமைக்கும் ஊட்டத்தில் வளர மறுக்கின்றன. அண்டையாரின் உதவியின்றி வாழ அறியாத உயிரை அண்டையாரினின்றும் பிரித்தால் அது மடிவதன்றி வேறு என் செய்யும்? ஆகவே, உயிரைப் பிரிக்காமல் உயிரின் ஏட்டை மட்டும் பிரித்துப் படிக்கும் வழி தேவையாயிற்று. அவ்வேடே டி.என்.ஏ. என்பது. அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டது. ஓர் உயிரின் ஏடு முழுவதையும் மரபணுத் தொகுதி என்கிறோம்.

முதல் முறை: குடிக்கணக்கு

எல்லா உயிரணுக்களிலும் புரதங்களைச் செய்யும் ரைபோசோம் என்னும் பொறி உண்டு. அப்பொறியின் உறுப்பாகிய ஓர் ஆர்.என்.ஏ., பாக்டீரியங்களில் ஏறத்தாழ 1,500 எழுத்துக்கள் கொண்டது. அதனை 16எஸ் என்பர். அதன் சில பகுதிகள் எல்லா உயிர்களிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வேறு சில பகுதிகள் இனத்திற்கு இனம் மாறும். மாறாத பகுதி நமக்குப் பிடியாகவும், மாறும் பகுதி உயிரின் அடையாளமாகவும் பயன்படுகின்றன. இதனைக் கொண்டு உயிர்களின் குலவரிசையை அமைக்கலாம் என்று காட்டியவர் கார்ல் வோஸ்; அவரும் ஜார்ஜ் பாக்ஸும் 1977-இல் ஆர்க்கியா என்னும் தனிப் பெருங்குலத்தைக் கண்டதும் இவ்வழியாலேயே. வளர்க்கப்படாத உயிர்களிடமிருந்தே, மண்ணிலும் நீரிலுமிருந்து நேரே இம்மரபணுவை எடுத்துப் படிக்கலாம் என்று 1980-க்குப் பின் வழிகாட்டியவர் நார்மன் பேஸ்.

இம்முறை மின்சார ஆராய்ச்சிக்கு எவ்வாறு உதவிற்று என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2002-ஆம் ஆண்டில் டேனியல் பாண்டு, லவ்லி முதலியோர் பாஸ்டன் துறைமுகத்துச் சேற்றைத் தொட்டியிலிட்டு, சேற்றினுள் ஒரு தகட்டையும் மேலுள்ள நீரில் ஒரு தகட்டையும் அமைத்து, கம்பியால் இணைத்தனர். கம்பியால் இணைக்கப்படாத தகடுகளையும் ஒப்பிடும்பொருட்டு வைத்தனர். பின்னர் இருவகைத் தகடுகளிலும் பற்றியிருந்த உயிர்களின் 16எஸ் மரபணுக்களைப் படித்தபோது, மின்னோட்டம் நடந்த தகட்டில் மட்டும் டெஸல்புரோமோனாஸ் குடும்பம் பெருகியிருக்கக் கண்டனர். இவ்வளவில் நின்றுவிடாது, அக்குடும்பத்தைச் சார்ந்த ஓர் இனத்தைத் தனியே வளர்த்து, அஃது அசிட்டேட்டை உண்டு தகட்டுக்கு எலெக்ட்ரானைத் தருதலையும் நிறுவினர். ஏடு ஐயத்தை எழுப்பிற்று. சோதனை அதனைத் தீர்த்தது. இவ்வொழுங்கை மாணவர் நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதனை மீண்டும் கருத வேண்டியிருக்கும்.

டென்மார்க்கு நாட்டில் ஆர்ஹுஸ் நகர்க் கடற்சேற்றை ஆராய்ந்தோர், சேற்றின் அடியிலுள்ள ஸல்பைடு மறைவதும் மேற்பரப்பிலுள்ள பிராணவாயு குறைவதும் ஒன்றோடொன்று மின்னோட்டத்தால் தொடர்புற்றிருத்தலை 2010-இல் வெளியிட்டனர். அதனைக் கடத்துவது யாது என்பது அப்போது அறியப்படவில்லை. 2012-இல், ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் தலையும் வாலுமாய்க் கோத்த, சென்டிமீட்டர் தூரம் நீளும் நூல்போன்ற பாக்டீரியங்களே அக்கம்பி எனத் தெரிந்தது. அவற்றின் குலத்தை உணர்த்தியதும் இக்குடிக்கணக்கு முறையேயாம்.

ஆயினும், பெயர்ப்பட்டியல் தொழிற்பட்டியல் ஆகாது. ஒரே குடும்பத்தில் பிறந்தார் எல்லாரும் ஒரே தொழிலைச் செய்வதில்லை. ஆகவே, பெயரோடு அமையாமல் உயிரின் ஏடு முழுவதையும் படிக்க விழைந்தனர்.

இரண்டாம் முறை: ஏடு முழுவதையும் படித்தல்

ஷெவனெல்லாவின் மரபணுத் தொகுதி 2002-இலும், ஜியோபாக்டர் ஸல்பர்ரெடியூஸன்ஸ் என்பதன் தொகுதி 2003-இலும் வெளிவந்தன. பின்னதன் ஏட்டில் ஏறத்தாழ 38 இலட்சம் எழுத்துக்கள் உள. அவற்றைப் படித்தோர்க்கு ஒரு செய்தி பெருவியப்பை அளித்தது. எலெக்ட்ரானைக் கைமாற்றும் புரதங்களில் தலையாயது ஸைட்டோக்ரோம் என்பது. அதனுள் ஹீம் என்னும் இரும்பு தாங்கிய சிறு பொருள் அமைந்திருக்கும். நம் குருதிக்குச் செந்நிறம் அளிப்பதும் ஹீமே. இந்நுண்ணுயிரின் ஏட்டில் ஸைட்டோக்ரோம்களுக்குரிய மரபணுக்கள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தன.

எழுத்துக்களைப் படித்து ஸைட்டோக்ரோமை எங்ஙனம் இனங்காண்பது எனின், கூறுதும். இவ்வகை ஸைட்டோக்ரோமில் ஹீம் பற்றிக்கொள்ளும் இடத்தில் அமினோ அமிலங்கள் ஓர் ஒழுங்கில் நிற்கும். முதலில் ஸிஸ்டீன், அதன்பின் எவையேனும் இரண்டு, மீண்டும் ஸிஸ்டீன், ஈற்றில் ஹிஸ்டிடீன். வெண்பாவின் ஈற்றடியைக் கண்டு அது வெண்பா என்று ஓசை அறிந்தோர் உணர்தல் போல, இவ்வொழுங்கைக் கண்டு கணிப்பொறி அதனைப் பொறுக்கி எடுக்கின்றது. இவ்வொழுங்கு ஒரு புரதத்தில் ஆறு முறை வருமாயின், அது பெரும்பாலும் ஆறு ஹீம்களைத் தாங்கும் என்று கருதலாம். ஒரு சோதனைக் குழாயையும் தொடாமலே இவ்வளவும் அறியக் கிடைக்கின்றது.

மூன்றாம் முறை: கலந்த ஏடுகளைப் பிரித்தல்

தனியே வளர்க்கத்தக்க உயிர்க்கே மேற்கூறிய முறை பொருந்தும். கூட்டம் முழுவதன் டி.என்.ஏ.வையும் ஒருங்கே எடுத்துப் படிப்பது அடுத்த படி. இதற்கு மெட்டாஜீனோம் என்னும் பெயர் 1998-இல் வழங்கப்பட்டது. கூட்டு மரபணுத் தொகுதி என நாம் கூறலாம். படிக்கும் பொறிகளிற் பல, ஏட்டை முழுமையாகப் படிக்கவல்லன அல்ல. நூறு அல்லது இருநூறு எழுத்துக்கள் கொண்ட கோடிக்கணக்கான துணுக்குகளையே தருகின்றன.

பழைய வீடொன்றின் பரணில் பல சுவடிகள் கட்டவிழ்ந்து, செல்லரித்து, ஏடுகள் துண்டு துண்டாய்க் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் பதிப்பிக்க முயலும் புலவர் யாது செய்வார்? ஒரு துண்டின் இறுதிச் சொற்களும் வேறொரு துண்டின் முதற் சொற்களும் ஒத்து வருமாயின் இரண்டையும் இணைப்பார். எழுதினோர் கையெழுத்தின் சாயலை நோக்கி, ஒருவர் எழுதியவற்றை ஒருபால் ஒதுக்குவார். ஒரு நூலுக்குப் பத்துப் பிரதிகளும் மற்றொன்றுக்கு இரண்டே பிரதிகளும் இருந்தன எனின், பத்துப் பத்தாக வரும் பகுதிகள் ஒரு நூலைச் சார்ந்தவை என்று துணிவார்.

மரபணு ஆராய்ச்சியாளர் செய்வதும் இம்மூன்றேயாம். ஒத்து வரும் துணுக்குகளைக் கணிப்பொறி நீளத் தொடுக்கின்றது. ஒவ்வோர் இனமும் நான்கெழுத்துச் சேர்க்கைகளைத் தனக்குரிய வீதத்தில் கையாளும். அதுவே அதன் கையெழுத்து. கூட்டத்தில் மிகுதியாயுள்ள உயிரின் துணுக்குகள் மிகுதியாகவும், அருகியுள்ள உயிரின் துணுக்குகள் அருகியும் வரும். அதுவே பிரதிகளின் எண்ணிக்கை. இவ்வாறு பிரித்து, கலிபோர்னியாவில் இரும்பு மலை என்னும் சுரங்கத்தின் அமில நீரில் படர்ந்த படலத்திலிருந்து சில உயிர்களின் தொகுதிகளை ஏறக்குறைய முழுமையாகவே ஜில் பான்பீல்டு அம்மையாரின் குழுவினர் 2004-இல் மீட்டெடுத்தனர். அதே வழி இன்று மின்தகட்டுப் படலங்களுக்கும் பயன்படுகின்றது. இதுகாறும் ஒருவராலும் வளர்க்கப்படாத உயிர் ஒன்றினுக்கு எத்தனை ஸைட்டோக்ரோம்கள் உள, அஃது அசிட்டேட்டை உண்ண வல்லதா, மீதேனை விளைக்குமா என்பனவற்றை அதன் ஏட்டிலிருந்தே ஊகிக்கின்றனர்.

நான்காம் முறை: செயலில் உள்ளவற்றைக் காணல்

ஒருவர் வீட்டில் கலப்பை இருத்தலால் அவர் இன்று உழுகின்றார் என்பது பெறப்படாது. அதுபோல, மரபணு இருத்தலால் அஃது இப்போது தொழிற்படுகின்றது என்பது பெறப்படாது. தொழிற்படும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் எடுக்கப்படுகின்றன. பாக்டீரியங்களில் அந்நகல்கள் பெரும்பாலும் சில நிமிடங்களே நிலைத்து அழிவன. ஆகையால் அவற்றைப் படித்தால் அந்நேரத்தில் நடப்பது யாது என்று அறியலாம். ஷுனிச்சி இஷி, நீல்ஸன் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கழிவு நீரில் வளர்ந்த படலத்தின் மின்சுற்றைத் திறந்தும், தகட்டின் அழுத்தத்தை மாற்றியும், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் எந்த உயிரின் எந்த மரபணு நகல்கள் கூடின, எவை குறைந்தன என்று கணக்கிட்டனர். தகட்டோடு நேர்த்தொடர்புடைய உயிர் அம்மாற்றத்தை உடனே உணரும். அயலே நிற்பது அத்துணை உணராது என்பது அவர்தம் கருத்து.

இம்முறையின் சிறப்பை விளக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. மதுவடிக்கும் ஆலைக் கழிவைச் சிதைக்கும் தொட்டிகளில் மெத்தனோஸீட்டா என்னும் ஆர்க்கியா வாழ்கின்றது. அஃது அசிட்டேட்டிலிருந்து மட்டுமே மீதேன் விளைப்பதென்று நெடுநாள் எண்ணியிருந்தனர். ஆனால் அதன் ஏட்டைப் படித்தபோது, கரியமிலவாயுவை மீதேனாக்கும் மரபணுக்களும் அதில் இருந்தன. பயனின்றி இவை ஏன் உள என்று அறிஞர் ஐயுற்றனர். அமெலியா ரோட்டாரு அம்மையார், லவ்லி முதலியோர் அத்தகைய தொட்டியின் மணித்திரள்களிலுள்ள ஆர்.என்.ஏ. நகல்களைப் படித்தபோது, அம்மரபணுக்கள் மிகுதியாகத் தொழிற்படக் கண்டு 2014-இல் வெளியிட்டனர். அன்றியும், ஜியோபாக்டர் இனம் ஒன்றையும் மெத்தனோஸீட்டாவையும் ஒரே குடுவையில் வளர்த்து, முன்னது சாராயத்தைச் சிதைத்துத் தரும் எலெக்ட்ரான்களைப் பின்னது நேரே ஏற்றுக் கரியமிலவாயுவை மீதேனாக்குதலை உறுதிப்படுத்தினர். இங்கு மின்தகடும் இல்லை, கம்பியும் இல்லை. ஓர் உயிர் மற்றோர் உயிர்க்கே மின்சாரம் ஊட்டுகின்றது.

ஏடு கூறாதது

இதுவரை கூறியவற்றால், ஏட்டைப் படித்தாலே எல்லாம் விளங்கும் என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்தைத் திருத்தும் வரலாறு ஒன்று இத்துறையிலேயே நிகழ்ந்தது. அதனைச் சற்று விரித்துரைத்தல் நலம்.

ஜியோபாக்டரின் மேனியிலிருந்து மயிரிழை போன்ற நுண்ணிழைகள் நீள்கின்றன. பில்-ஏ என்னும் மரபணுவை நீக்கினால் அவ்வுயிர் துருவைக்கொண்டு சுவாசிக்க இயலாது போயிற்று. இழைகளை நுண்முனையால் தொட்டுச் சோதித்தபோது அவை மின்சாரத்தைக் கடத்தின. ஆகவே, பில்-ஏ மரபணு ஆக்கும் பிலி என்னும் இழைகளே இயற்கையின் மின்கம்பிகள் என்று 2005-இல் ஜெமா ரெகேரா அம்மையார், லவ்லி முதலியோர் வெளியிட்டனர். உலகெங்கும் இக்கொள்கை பரவிற்று. புதிதாகப் படிக்கப்பட்ட உயிர்களின் ஏடுகளில் பில்-ஏ போன்ற மரபணு காணப்படின், அதுவும் மின்சாரம் கடத்தவல்லது என்று ஊகிப்பதும் வழக்கமாயிற்று.

2019-இல், உறைநிலையில் எலெக்ட்ரான் உருப்பெருக்கியால் அவ்விழைகளை அணுவளவாகப் பார்க்கும் திறன் வாய்த்தது. எட்வர்டு ஈகல்மன், நிகில் மல்வங்கர், ஆலன் ஹாக்பாம் முதலியோர் பார்த்தபோது, மின்சாரம் கடத்தும் இழை பிலி அன்று; ஓ.எம்.சி.எஸ். என்னும் ஸைட்டோக்ரோம் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோவையாக இணைந்து ஆகிய நூல் அது எனக் கண்டனர். ஒவ்வொரு புரதத்திலும் ஆறு ஹீம்கள். அவை ஒன்றையொன்று நெருங்கி இழையின் இரு முனைவரையும் தொடர்ந்து நிற்கின்றன. அத்தொடரின் வழியாகவே எலெக்ட்ரான் ஓடுகின்றது. 2021-இல் பிலியின் அமைப்பும் வெளியாயிற்று. அதன் வடிவு, கம்பியாய் இருப்பதைவிட, ஸைட்டோக்ரோமை உயிரணுவினின்றும் வெளியே தள்ளும் தொழிலுக்கே ஏற்றதாக உள்ளது என்று மல்வங்கர் குழுவினர் முடிவு கூறினர். லவ்லி முதலியோர் பிலியும் கடத்தும் என்னும் தம் கொள்கைக்குச் சான்று காட்டி வாதிட்டும் வந்துள்ளனர்.

இவ்வரலாற்றில் பிழை எங்கே புகுந்தது? பில்-ஏவை நீக்கியபோது சுவாசம் நின்றது உண்மையே. ஆனால் அதிலிருந்து பெறத்தக்கது, இத்தொழிலுக்குப் பில்-ஏ இன்றியமையாதது என்பதே. அதுவே கம்பி என்பதன்று. வாயிற்கதவைப் பூட்டினால் வீட்டிலிருந்து சரக்கு வெளிவாராது; அதனால் கதவே சரக்கு என்று கொள்ளலாமோ? மற்றுமொன்றைக் காண்க. ஓ.எம்.சி.எஸ்.-இன் மரபணு 2003-இல் படிக்கப்பட்ட ஏட்டிலேயே இருந்தது; நூற்றுக்கு மேற்பட்ட ஸைட்டோக்ரோம்களுள் அதுவும் ஒன்று. அதில் ஆறு ஹீம்கள் பொருந்தும் என்பதையும் எழுத்துக்களைக் கொண்டே கணிக்கலாம். ஆயினும், அது கோவையாய் இணைந்து நூலாகும் என்பதை அவ்வெழுத்துக்கள் எவர்க்கும் உணர்த்தவில்லை. அதனைக் கண்ணால் காணப் பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

2010-இல் நிகழ்ந்த ஒரு சோதனை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஸராத் ஸம்மர்ஸ் அம்மையார் முதலியோர் ஜியோபாக்டரின் இரண்டு இனங்களை, ஒன்றன் துணையின்றி மற்றொன்று வாழ இயலாத ஊட்டத்தில், மாற்றி மாற்றி நெடுநாள் வளர்த்தனர். முதலில் மிக மெல்ல வளர்ந்த அவை, பின்னர் திரண்டு ஒட்டிக்கொண்டு விரைந்து வளர்ந்தன. அவற்றின் ஏட்டை மறுபடியும் படித்தபோது, பில்-ஆர் என்னும் ஓர் ஆளும் மரபணுவில் மாற்றம் நேர்ந்திருத்தலையும், அதனால் ஓ.எம்.சி.எஸ். மிகுதியாக ஆக்கப்படுதலையும் கண்டனர். மரபணு முறை இங்கே சரியான இடத்தையே சுட்டிக் காட்டிற்று. சுட்டிய விரலைக் கொண்டு அங்கே உள்ளது யாது என்று சென்று பார்க்கும் கருவிதான் அக்காலத்தில் இல்லை.

எனவே, மரபணு முறைகளை இகழ்தலும் தவறு. அவற்றையே முடிவெனக் கொள்ளுதலும் தவறு. கூட்டத்தில் இருப்பவர் யாவர் என்பதைக் குடிக்கணக்கு கூறும். அவர் என்னென்ன செய்ய வல்லர் என்பதைத் தொகுதி கூறும். இப்போது எதற்குத் தயாராகின்றனர் என்பதை ஆர்.என்.ஏ. கூறும். செய்தது யாது என்பதைச் சோதனைக் குடுவையும், மின்னளவைக் கருவியும், உருப்பெருக்கிக் கண்ணாடியுமே கூறவேண்டும். இன்னும் ஒன்று: மடிந்த உயிரின் டி.என்.ஏ.வும் படலத்தில் சில காலம் தங்கியிருக்கும். ஆதலால் ஏடு இருப்பதனாலேயே உயிர் இருக்கின்றது என்றும் துணிதலாகாது.

ஏட்டையும் சோதனையையும் முறையாக இணைப்பின் விளையும் பயனுக்கும் சான்று உண்டு. உணவு வழியாய் நோய் விளைக்கும் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியத்தில் எலெக்ட்ரானை வெளியே செலுத்தும் மரபணுக்கள் உள என்பதை, மரபணுக்களை ஒவ்வொன்றாய்க் கெடுத்துச் சோதித்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்டனர். அதன்பின்னர் அம்மரபணுக்களைப் போன்றவற்றைப் பிற ஏடுகளில் தேடியபோது, நூற்றுக்கணக்கான இனங்களில் அவை இருக்கக் கண்டனர். சோதனையால் நிறுவப்பட்ட ஒன்றைக் கைவிளக்காகக் கொண்டு தேடியமையால், அத்தேடலுக்கு வலிமை உண்டாயிற்று.

பயனும் அளவும்

இவற்றால் ஊருக்கு ஒளி தரும் மின்சாரம் கிடைக்குமோ என்று வினவுவோர் பலர். அத்துணைச் சக்தி இவற்றினின்றும் கிடைப்பதன்று. ஆற்றுச் சேற்றில் பதித்த தகடுகளால் வானிலைக் கருவிகள் தாங்கிய மிதவை ஒன்றை இயக்கிக் காட்டியதை லெனார்டு டெண்டர் முதலியோர் 2008-இல் வெளியிட்டனர். மின்கலத்தை அடிக்கடி மாற்ற இயலாத இடத்தில் அத்தகைய சிறு ஓட்டமும் பெரும்பயன் தரும். கழிவு நீரைத் தூய்மை செய்யும் நிலையங்களில் காற்றை ஊதிச் செலுத்துவதற்கே மின்சாரம் மிகுதியாகச் செலவாகின்றது. அக்காற்றின் வேலையை மின்தகடு ஒன்று ஏற்குமாயின், மின்சாரம் கிடைப்பதினும் மின்சாரம் மிச்சமாவதே பெரிய ஊதியமாகும். ஆனால் படலத்தில் மீதேன் விளைப்போர் பெருகிவிட்டால் ஓட்டம் குன்றும். எலெக்ட்ரான் கடத்துவோர் குன்றினாலும் ஓட்டம் குன்றும். எங்கே குறை நேர்ந்தது என்று அறிய, கூட்டத்தின் ஏட்டை அவ்வப்போது புரட்டிப் பார்ப்பது உதவும். வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றது அது. நாடி பார்த்தபின் நோயாளியையும் பார்த்தல் வேண்டும் அன்றோ?

மாணவ அன்பர்களே, மரபணுக்களைப் படிக்கும் செலவு முன்னாளினும் மிகக் குறைந்துவிட்டது. படிக்கப்பட்ட ஏடுகள் எவரும் எடுத்தாளுமாறு பொதுச் சேமிப்பில் வைக்கப்பட்டுள்ளன. ஆகையால் பெரிய ஆய்வுசாலை இல்லாதோரும் இத்துறையில் உழைக்கலாம். அங்ஙனம் உழைப்போர், கணிப்பொறி காட்டிய பெயரை விடையென்று குறித்துக்கொள்ளாமல், இனிக் கேட்கவேண்டிய வினாவென்று குறித்துக்கொள்வாராக. பொட்டோமாக் நதியின் சேற்றிலும் பாஸ்டன் துறைமுகத்துச் சேற்றிலும் கையிட்டவர்களே இவ்வுயிர்களை முதற்கண் கண்டனர். அவ்வுயிர்களின் ஏட்டில் எழுதியதன் பொருளைத் தீர்மானிப்பதற்கும் அவர்கள் மீண்டும் சேற்றுக்கும் குடுவைக்குமே திரும்ப வேண்டியிருந்தது. படித்தலும் பார்த்தலும் ஒன்றையொன்று திருத்தி வளர்வதே அறிவாகும்.